குளிர்சாதன வசதி பரவுவதற்கு முன் கடுங்கோடையை மக்கள் உண்மையில் எப்படிக் கடந்தார்கள்?

கேள்வி: நிழல்தேடி

கோடை உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டு ஏ.சி. பழுதாகி, உதிரிப் பாகம் வந்து சேர 11 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நான் கற்றது குறைவு, பட்டது அதிகம். காற்றோட்டம் இருந்தால் போதும் என்று நம்பிக் காலையிலிருந்து மாலை வரை எல்லாச் சன்னல்களையும் விரியத் திறந்து வைத்தேன். மாலை நான்கு மணிக்குப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. இரவில் கொசுவுக்கும் தெரு இரைச்சலுக்கும் பயந்து அதே சன்னல்களை அடைத்துவிடுவோம்.

பிறகு, ஒரு பெரிய துண்டை நனைத்து மேசை விசிறியின் முன் தொங்கவிட்டால் அறை குளிரும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். நள்ளிரவுக்குள் அறை முழுவதும் புழுங்கி, தலையணை உறை ஈரமாகி, மனைவியும் நானும் எழுந்து கூடத்துத் தரையில் படுத்தோம்.

எங்களுடன் வசிக்கும் பெரியப்பாவுக்கு வயது 81. "எங்கள் காலத்தில் ஏ.சி.யா இருந்தது? நாங்கள் வாழவில்லையா?" என்று அந்த 11 நாட்களும் மாலையில் ஒருமுறை தவறாமல் கேட்டார். மாடியறையை விட்டுக் கீழே வர மறுத்தார். தாகமே இல்லை என்று தண்ணீரையும் ஒதுக்கினார். இளமையில் எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "அப்படியே இருந்தோம்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அந்தக் காலத்து மக்கள் செய்தவற்றில் எவை உண்மையில் பயன் தந்தன, எவை வெறும் பழக்கம்? அன்றைய உடம்பு வேறா, அல்லது வீடு வேறா? என் நனைத்த துண்டு ஏன் காலை வாரியது? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: சுவர்க்கணக்கு

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடம்பைப் பற்றிச் சொல்ல வேறு யாரேனும் வருவார்கள்.

நீங்கள் சன்னலைத் திறந்தது பிழையில்லை, திறந்த நேரம்தான் பிழை. நண்பகலில் வெளிக்காற்று 40 டிகிரியிலும் உங்கள் கூடம் 32 டிகிரியிலும் இருக்கும்போது சன்னலைத் திறப்பது, வாசலில் காத்திருக்கும் வெப்பத்தை உள்ளே வந்து அமரச் சொல்வதற்குச் சமம். அதே வீட்டில் அதிகாலையில் வெளிக்காற்று 27 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது நீங்கள் சன்னலை அடைத்து வைத்திருந்தீர்கள். பழைய வீட்டுக்காரர்கள் இதை நேர் எதிராகச் செய்தார்கள்: பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்த பின் எல்லாவற்றையும் திறந்து, விடியும்வரை சுவரையும் தரையையும் குளிரவிட்டு, வெயில் ஏறும் முன் கதவு, சன்னல், திரை அனைத்தையும் மூடி, பகல் முழுவதும் அரையிருட்டில் இருந்தார்கள். இரவில் சேமித்த குளிர்ச்சியைப் பகலில் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேமிப்புக் கிடங்குதான் தடித்த சுவர். ஏறத்தாழ 30 செ.மீ. தடிமனுள்ள செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் படும் வெப்பம் உட்புறத்தை எட்ட 8 முதல் 10 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வரும் வழியில் அதன் வீச்சும் பெருமளவு மழுங்கிவிடும். ஆகவே பிற்பகல் வெயில் அறைக்குள் வந்து சேரும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது அல்லவா? உறங்கும் நேரத்தில் சுவர் சூடாக இருந்தால் எப்படி உறங்குவது? விடை எளிது: அவர்கள் உள்ளே உறங்கவில்லை. முற்றத்திலும் தாழ்வாரத்திலும் மொட்டைமாடியிலும் உறங்கினார்கள். பகலுக்கு ஒரு வீடு, இரவுக்கு ஒரு வானம் என்று இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு நேரம் பார்த்து இடம் மாறியதால்தான் அந்தச் சுவர்கள் பயன்பட்டன. சுவரை மட்டும் கட்டிவிட்டு, இரவிலும் அதற்குள்ளேயே படுத்தால் பாதிப் பயன்தான்.

இன்றைய மேல்தளத்து அறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 முதல் 15 செ.மீ. கான்கிரீட் தளம் வெப்பத்தைச் சுமார் 3, 4 மணி நேரத்தில் கீழே கடத்திவிடும். உச்சிவெயிலில் கிடைமட்டமான கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 வாட்டுக்கு மேல் வெயில் இறங்குவதால், கோடையில் மிக அதிகச் சூடு வாங்கும் பரப்பு கூரைதான். அதற்கடுத்தது மேற்குச் சுவர். உங்கள் பெரியப்பா படுத்திருப்பது மாடியறையில் என்பதைக் கவனியுங்கள். கூரையில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த பழைய வழக்கம் அழகுக்காக வந்ததன்று. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் அந்தத் திறன் குறையும் என்பதால்தான் மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது. செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுவே என்பது என் தீர்ப்பு.

அடுத்தது நிழல். வெயிலைச் சன்னலுக்கு வெளியே தடுக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரைச்சீலை பிடித்து நிறுத்தினாலும் அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். ஒரு முறை பழைய வீடொன்றைப் பழுதுபார்க்கப் போனபோது, மேற்குச் சன்னல்களில் இருந்த சாய்சட்ட மரக்கதவுகளை இருட்டாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு, தரை முதல் தலை வரை கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். அடுத்த கோடையில் அந்த அறைக்கு இரண்டு ஏ.சி.கள் தேவைப்பட்டன. கழற்றிய மரக்கதவுகள் பின்கட்டில் கரையான் அரித்துக் கிடந்தன. சட்டங்களின் சாய்வைப் பார்த்தேன்; காற்றை உள்ளே விட்டு வெயிலை மட்டும் தடுக்கும்படி அளந்து இழைத்திருந்தார் பெயர் தெரியாத அந்தத் தச்சர். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உயரமான கூரையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். மேலே கூடும் சூடான காற்று வெளியேறத் திறப்பு இருந்தால்தான் அந்த உயரத்தால் பெரிய பயன். இல்லாவிட்டால் அது பார்வைக்கு மட்டும்தான். இந்தத் தத்துவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஈரானின் யாஸ்து நகரத்தார். அங்குள்ள காற்றுக் கோபுரங்கள் உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். காற்று இல்லாத நேரத்தில் வீட்டின் சூடான காற்றை மேலே இழுத்து வெளியேற்றும். தௌலத்தாபாத் தோட்டத்திலுள்ள கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரமுடையது. சில வீடுகளில் இறங்கும் காற்று நீர்த்தொட்டியின் மீது தவழ்ந்து செல்லும்படி அமைத்தார்கள். பாலைவனத்து உலர்ந்த காற்றுக்கு அது அருமையாகப் பொருந்தும். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்கள் துண்டு காலை வாரியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

மறுமொழி 2: ஈரமானி

முந்தைய மறுமொழி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் துண்டுக் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு.

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால் அது ஏறத்தாழ 675 வாட் குளிரூட்டலுக்குச் சமம். சும்மா அமர்ந்திருக்கும் மனிதர் வெளியிடும் வெப்பம் 100 வாட் அளவுதான் என்பதால் இது மிகப் பெரிய ஆற்றல். மண்பானையும், நனைத்த புல்தட்டியும், கெய்ரோவின் பழைய வீடுகளில் மரச்சல்லடைச் சன்னலுக்குப் பின்னால் வைத்த நீர்ச்சாடியும், நம் வியர்வையும் இந்த ஒரே கணக்கில்தான் இயங்குகின்றன.

ஆனால் நீர் ஆவியாக வேண்டுமென்றால் காற்றில் அதற்கு இடம் இருக்க வேண்டும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை நனைத்த தட்டியின் வழியே செலுத்தினால் அதை 23 டிகிரி வரைகூடக் குளிர்விக்க வாய்ப்பு உண்டு. 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றை எவ்வளவு நனைத்தாலும் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாது. நடைமுறையில் இந்த எல்லைகளைக்கூட முழுமையாக எட்ட மாட்டோம்.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். நீளம் மூன்றரை மீட்டர், அகலமும் உயரமும் மும்மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 31 கன மீட்டர் காற்று இருக்கும். 32 டிகிரியில், பாதியளவு ஈரப்பதத்துடன் இருக்கும் அந்தக் காற்று, அதற்கு மேல் சுமார் அரை லிட்டர் நீரைத்தான் ஏற்றுக்கொள்ள முடியும். நன்றாக நனைத்த ஒரு குளியல் துண்டில் அவ்வளவு நீர் இருக்கும். போதாததற்கு உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் வேறு. கதவையும் சன்னலையும் அடைத்ததால் அறைக் காற்று ஈரத்தால் நிறைந்து, உங்கள் வியர்வை உலர வழியில்லாமல் போனது. துண்டு தோற்கவில்லை, கதவு மூடியிருந்ததால் வென்றதன் பலன் உங்களுக்குக் கிடைக்கவில்லை. உலர்ந்த ஊரில், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, காற்று வரும் பக்கத்தில் தட்டியை வைத்தால் அதே முறை அற்புதமாக வேலை செய்யும். அதனால்தான் உலர்ந்த நிலப்பகுதிகளில் தடித்த சுவரும் நீரும், ஈரமான நிலப்பகுதிகளில் மெல்லிய சுவரும் அகலத் திறந்த பக்கங்களும் காற்றுக்கு எழுப்பிய மேடைத்தரையும் உருவாயின. ஓர் இடத்தின் உத்தியை இன்னோர் இடத்தில் செய்து பார்த்துவிட்டு, பழையவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம்.

விசிறியைப் பற்றி ஒரு வரி: அது காற்றைக் குளிர்விப்பதில்லை, தோலின் மேல் தேங்கிய சூடான ஈரக் காற்றை அகற்றுகிறது. நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் விசிறி உடம்பின் மீது வெப்பத்தையும் சேர்த்துத் தள்ளும். வியர்வை உலர்வதால் கிடைக்கும் இலாபம் அதை ஈடுகட்டும் வரைதான் அது உதவி. 40 டிகிரிக்கு மேல் விசிறியை நம்பக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

மறுமொழி 3: முற்றத்து நிலா

நான் உங்கள் பெரியப்பாவைவிடச் சில வயது இளையவள். மின்சாரம் வராத வீட்டில் வளர்ந்தவள். "அப்படியே இருந்தோம்" என்று அவர் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். யாரும் அப்படியே இருக்கவில்லை.

வெயில் ஏறும் முன்பே கனமான வேலைகள் அனைத்தும் முடிந்துவிடும். பிறகு பாட்டி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வருவார். நாங்கள் ஓடி விளையாடித் திறந்துவிட்டால் முதுகில் ஓர் அடி. வீட்டில் அன்றைக்கு எந்த இடம் குளிர்ச்சி என்பதைப் பூனையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அது காலையில் தாழ்வாரத்துத் தூணடியிலும், நண்பகலில் நெற்குதிருக்குப் பின்னாலும், பிற்பகலில் தண்ணீர்ப் பானை வைத்த மூலையிலும் நீட்டி நிமிர்ந்து கிடக்கும். அதைத் தள்ளிவிட்டு அங்கே போய்ப் படுப்போம்.

அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈர மணலின் மேல் அமர்த்தி, காற்று படும் இடத்தில் வைத்திருப்பார்கள். புதுப்பானையின் வயிற்றில் நீர் முத்து முத்தாகக் கசிந்து நிற்கும்; உள்ளிருக்கும் நீர் பல்லைக் கூசவைக்காமல் தொண்டையில் இறங்கும். ஒன்றிரண்டு கோடை கழிந்ததும் அதே பானை குளிர்விக்காது. நீரிலுள்ள உப்பு நுண்துளைகளை அடைத்துவிடும் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பாட்டி அதைப் "பானை கிழடாகிவிட்டது" என்று சொல்லி, தானியம் போட்டு வைக்க எடுத்துக்கொள்வார்.

மாலையில் மாடித் தரையில் தண்ணீர் தெளிப்போம். முதல் வாளி தரையைத் தொட்டதும் சுர்ரென்று ஆவி எழும்பி ஒரு மண்வாடை வரும். உடனே பாயை விரித்தால் கீழிருந்து வேகும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பிறகு பிழிந்த துணியைப் போர்த்திக்கொண்டு, ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டு, உறங்குவோம். பின்னிரவில் காற்று சட்டென்று நின்றுவிடும் நாட்களில் மாடியில் இருக்கும் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக விழித்துக்கொள்வார்கள். யாரும் பேச மாட்டார்கள்.

இதையெல்லாம் இனிமையாக நினைவுகூர்கிறேன், உண்மைதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைப் பொய். என் அம்மா எங்களுக்கு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே உறங்கிவிடுவார். விசிறி நின்றதும் கடைசித் தம்பி அழுவான். கண் திறவாமலேயே அவருடைய கை மறுபடி அசையத் தொடங்கும். அந்தக் கையை இருட்டில் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். பகலில் எல்லோரும் இருட்டறையில் சாய்ந்திருந்தபோது அடுப்பங்கரையில் நின்றவரும் அவர்தான். காலனிய அலுவலகங்களில் கூரையிலிருந்து தொங்கிய பெரிய துணி விசிறியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதன் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகும், அங்கே வெக்கையில் ஓர் ஆள் அமர்ந்து நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருப்பார். உங்கள் பெரியப்பாவிடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்காதீர்கள், உங்களுக்கு யார் விசிறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 4: இரவுப்பணி

நான் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இத்தனை அழகான விளக்கங்களுக்கு நடுவே கசப்பான ஒன்றைச் சொல்ல நேர்வதற்கு மன்னிக்கவும். "நாங்கள் வாழவில்லையா?" என்பது வாழ்ந்தவர்கள் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரில் பத்து நாட்கள் நீடித்த வெப்ப அலையில் சுமார் 1,500 பேர் இறந்ததாக வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்களே அதில் மிகுதி. உள்ளே இருக்க முடியாமல் கூரைகளிலும் தீ விபத்தில் தப்பிப்பதற்கான வெளிப்படிகளிலும் படுத்தவர்களில் சிலர் உறக்கத்தில் புரண்டு விழுந்து மாண்டார்கள். அப்போது நகரக் காவல் ஆணையர்களில் ஒருவராக இருந்த தியோடர் ரூசவெல்ட், ஏழைகளுக்குப் பனிக்கட்டியை இலவசமாகப் பங்கிட ஏற்பாடு செய்தார். முற்றமும் நிழலும் தடித்த சுவரும் இருந்தவர்களின் கோடை ஒன்று, இவர்களுடைய கோடை வேறொன்று. மாடியில் உறங்குவது எல்லா இடத்திலும் முற்றத்து நிலா அம்மா சொல்வதுபோல் அமையவில்லை.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1995 ஜூலையில் சிகாகோவில் ஐந்தே நாட்களில் 700 பேருக்கு மேல் மாண்டார்கள். முதியவர்கள், தனியாக இருந்தவர்கள், மேல்தளங்களில் அச்சத்தால் சன்னலை அடைத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்களில் பலர். 2003 கோடையில் ஐரோப்பா முழுவதிலும் 70,000 பேருக்கு மேல், பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர். மேலும், பன்னாட்டு எரிசக்தி முகமை 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடி மக்களில் 8 சதவீதத்தினரிடம்தான் ஏ.சி. இருந்தது. எனவே "அந்தக் காலம்" என்று நாம் பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலோருக்கு இந்தக் காலமே.

உடம்பு வேறா என்று கேட்டிருந்தீர்கள். பிறவியில் வேறில்லை, பழக்கத்தில் வேறு. வெப்பத்தில் படிப்படியாகப் பழகும் உடம்பு ஒன்று முதல் இரண்டு வாரங்களில் மாறிக்கொள்ளும்: வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அளவில் கூடும், அதில் வெளியேறும் உப்பு குறையும், இதயத் துடிப்பு தணியும். கோடை மெல்ல மெல்ல ஏறியதால் அன்றைய மக்கள் தாமறியாமலேயே பழகிவிட்டார்கள். குளிர்ந்த அறையிலிருந்து திடீரென்று வெளியே தள்ளப்பட்ட உங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பழகி முடியும் நேரத்தில் உதிரிப் பாகம் வந்துவிட்டது.

81 வயதில் கணக்கு மாறிவிடும். முதுமையில் தாக உணர்வு மங்குவதால் "தாகமே இல்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உடம்புக்கு நீர் தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை. வியர்வையும் குறைந்துவிடும். நீர் பிரிவதற்கான மாத்திரை போன்ற சில மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். அவர் உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றியும், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதைப் பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். கெஞ்சியாவது மாற்றுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் பொழுது தெரியாமல் தடுமாறினாலோ, தோல் கொதித்தாலோ, அது வெப்பத் தாக்கு. மருத்துவ உதவியை உடனே அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் நீர் ஊற்ற வேண்டாம்.

மறுமொழி 5: பழந்தாள்

பனிக்கட்டியைப் பற்றிச் செவிலியர் குறிப்பிட்டதால் சிறிதாக ஓர் இடைச்செருகல். இயந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சியைக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் 1806இல் குளிர்கால ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். 1833இல் அவர் அனுப்பிய கப்பல், நான்கு மாதப் பயணத்தில் பூமத்திய ரேகையை இருமுறை கடந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றிய சுமார் 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. மரத்தூளும் நெருக்கமாக அடுக்கியதும்தான் அதன் இரகசியம்.

ஏ.சி.யோ மனிதருக்காகப் பிறந்ததன்று. 1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக அதை வடிவமைத்தார். ஈரக் காற்றில் தாள் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பொருந்தாமல் அச்சு விலகிப்போனதுதான் அங்கே பிரச்சினை. தாளுக்குப் பிறகுதான் திரையரங்குப் பார்வையாளர்களுக்கு அந்த யோகம் வந்தது. வீடுகளுக்கு வர மேலும் நெடுங்காலம் ஆயிற்று: அமெரிக்காவிலேயே 1960 கணக்கெடுப்பில் 12 சதவீத வீடுகளில்தான் ஏ.சி. இருந்தது.

நிழல்தேடி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஏ.சி. சரியாகிவிட்டது, ஆனாலும் சோதித்துப் பார்க்கும் ஆவலில் மூன்று நாட்கள் அதை இயக்காமல் இருந்தேன். கூடத்தில் சுவர்க்கணக்கு ஐயா சொன்னபடி இரவில் திறந்து, காலை ஏழரை மணிக்கு அடைத்து, மேற்குச் சன்னலின் வெளிப்பக்கம் ஒரு பழைய பாயைக் கட்டித் தொங்கவிட்டேன். படுக்கையறையைப் பழையபடி பகலெல்லாம் திறந்து வைத்தேன். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு இரண்டு அறைகளுக்கும் இடையே நான்கரை டிகிரி வித்தியாசம் இருந்தது. குளிர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சட்டையோடு உட்கார்ந்து படிக்க முடிந்தது. பாயைக் கட்டும்போது ஏணியிலிருந்து ஒரு படி சறுக்கி முழங்கால் சிராய்த்ததையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முற்றத்து நிலா அம்மா சொன்ன கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியக்கா" என்றார். அந்த அத்தையை நான் பார்த்ததில்லை. அன்றிரவு கட்டிலைக் கீழே இறக்கச் சம்மதித்தார்; காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவரிடம் அவருடைய மாத்திரைகளைக் காட்டியதில் ஒன்றின் அளவை மாற்றித் தந்தார்.

ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. இரவு முழுவதும் சன்னலைத் திறந்து வைக்கக் கொசுவலை அடிக்கத்தான் வேண்டும். வலை காற்றைத் தடுத்துவிடாதா?

மறுமொழி 6: சுவர்க்கணக்கு

தடுக்கும், நன்றாகவே தடுக்கும். கண்ணி நெருங்க நெருங்க அதிகமாகவும், தூசி படிந்தால் மேலும் அதிகமாகவும் தடுக்கும். சன்னலை மறைக்காமல் கட்டிலைச் சுற்றி வலை கட்டிக்கொண்டால் உங்கள் மீது படும் காற்று குறையுமே தவிர, சுவரையும் தரையையும் குளிர்விக்கும் காற்றுக்குத் தடை இருக்காது. விசிறியை வலைக்கு மிக அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னலில்தான் அடிப்பேன் என்றால், மாதம் ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவக்கூடிய சட்டமாகச் செய்யச் சொல்லுங்கள். பாயைக் கட்ட அடுத்த முறை யாரையாவது ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.